எடை குறைந்தால் உதை கூடும்

அலாஸ்காவில் நிலவியல் பணியில் இருந்து, அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றுவிட்ட என் தங்கை மகன், சென்ற தடவை காரைக்குடிக்கு வந்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டான். "அம்மான், நாள் முழுக்கச் சுமந்து நடக்கப் பாரமாக இருக்கக் கூடாது. பழுப்புக் கரடி பாய்ந்து வந்தால் நிறுத்துகிற வலுவும் வேண்டும். எந்த ரிவால்வரை வாங்கலாம்?" துப்பாக்கியைக் கையால் தொட்டறியாத ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியனிடம் கேட்கிற கேள்வியா இது என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் அவன் கேட்ட இரண்டும் ஒன்றோடொன்று மோதுகிறவை என்பதைச் சொல்லத் துப்பாக்கி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புப் பாடமான நேர்க்கோட்டு உந்த அழிவின்மை விதி தெரிந்திருந்தால் போதும். அவனை எங்கள் வளவில் தொங்கும் தேக்குப் பலகை ஊஞ்சலில் உட்காரவைத்து, கால்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளச் சொல்லி, ஐந்து கிலோ அரிசிப் பையை முன்னால் வீசச் சொன்னேன். பை முன்னே போயிற்று, ஊஞ்சல் பின்னே போயிற்று. அவனுடைய எட்டு வயது மகளை உட்காரவைத்து அதே பையைத் தள்ளச் சொன்னபோது, அவள் மெதுவாகத்தான் தள்ளினாள். இருந்தும் ஊஞ்சல் அவள் அப்பாவைக் கொண்டுபோன அளவுக்கு அவளையும் பின்னே கொண்டுபோயிற்று.

துப்பாக்கியில் நடப்பதும் இதுவே. குண்டும் அதன் பின்னால் பீறிடும் வாயுவும் முன்னே கொண்டுசெல்லும் உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கி வருவது) எவ்வளவோ, அவ்வளவும் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கிறது, அதுதான் உதை. 1955இல் அறிமுகமான .44 மேக்னம் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதன் குண்டு ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் விட்டமும் பதினைந்தரை கிராம் எடையும் கொண்டது. நான்கு அங்குலக் குழலிலிருந்து அது நொடிக்குச் சுமார் 380 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவான வெடிமருந்து வாயுவாகி அதைவிட மூன்று மடங்கு வேகத்தில் வெளியேறுகிறது. இரண்டையும் கூட்டினால் உந்தம் நொடிக்கு ஏழரை கிலோகிராம்-மீட்டரைத் தாண்டும்.

இனி இந்த உந்தத்தை இரண்டு ரிவால்வர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் 329பிடி, ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டமும், தோட்டாக்களைச் செருகும் டைட்டேனியம் உருளையும் கொண்டது. வெறும் எடை ஏறத்தாழ 715 கிராம், ஆறு தோட்டாக்களோடு 860 கிராம். அதே நிறுவனத்தின் அதே பருமனுள்ள எஃகு ரிவால்வர் தோட்டாக்களோடு 1,300 கிராமைத் தாண்டும். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், டைட்டேனியத்தினுடையது 4.5, அலுமினியத்தினுடையது 2.7 என்பதால் வந்த வித்தியாசம் இது. (டைட்டேனியம் காரைக்குடிக்குப் புதிதன்று, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தார் டைட்டேனிய மின்முனைகளில் செய்த வேலையைப் பற்றி என் மாணவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.) உந்தத்தை எடையால் வகுத்தால், எஃகுத் துப்பாக்கி நொடிக்கு ஐந்தே முக்கால் மீட்டர் வேகத்திலும், இலகுவானது ஒன்பது மீட்டருக்குச் சற்றே குறைந்த வேகத்திலும் உள்ளங்கையை நோக்கி வருகின்றன. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது ஆகையால், முன்னதற்கு 22 ஜூல், பின்னதற்கு 33 ஜூல். மூன்றரைக் கிலோ அம்மிக் குழவியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து உள்ளங்கையில் போட்டால் எப்படியோ, அப்படி. இடுப்பில் மிச்சமாகும் அரைக் கிலோவுக்கு ஒவ்வொரு முறை சுடும்போதும் கை கட்டும் வட்டி இது. எங்கள் ஊரில் வட்டிக் கணக்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உதை நேர்க்கோட்டில் மட்டும் வருவதும் இல்லை. ரிவால்வரின் குழல், பிடித்திருக்கும் கையைவிட உயரத்தில் இருக்கிறது. விசை ஒரு கோட்டிலும் தாங்குமிடம் அதற்குக் கீழேயும் இருந்தால் திருப்புவிசை பிறக்கும் என்பதால் குழலின் வாய் வானத்தை நோக்கித் துள்ளுகிறது. குண்டு ஆயிரத்தில் ஓரிரு பங்கு நொடிக்குள் குழலை விட்டுவிடுவதால் முதல் சூடு குறியைத் தவறவிடுவது பெரும்பாலும் இதனால் அன்று. அடுத்த உதையை எண்ணி அஞ்சும் கை, டிரிக்கரை இழுக்கும்போதே துப்பாக்கியைக் கீழே சாய்த்துவிடுவதால்தான். பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடக்கூடியது, அதாவது முப்பது மீட்டரைக் கடக்க அதற்கு இரண்டே நொடி. அந்த இரண்டு நொடியில் துள்ளிய குழலை இறக்கி இரண்டாம் முறை குறி பார்க்க முடியுமா என்பதுதான் உண்மையான தேர்வு. தோட்டாவின் பெயரில் உள்ள எண் அதற்கு விடை சொல்லாது.

குழலின் நீளத்தைப் பற்றியும் அவனுக்குத் தவறான எண்ணம் இருந்தது: சிறியது என்றாலே இலகுவானது என்று நினைத்திருந்தான். ருகர் நிறுவனம் 2005இல் வெளியிட்ட அலாஸ்கன் ரிவால்வரின் குழல் இரண்டரை அங்குலம்தான், ஆனால் எடை 1.2 கிலோவுக்கும் மேல். குழல் குறுகினால் வெடிமருந்து எரிந்து குண்டைத் தள்ளும் தூரம் குறைகிறது. எரிந்து முடியாத மிச்சம் குழலுக்கு வெளியே தீப்பிழம்பாகவும் ஓசையாகவும் வீணாகிறது. இன்னொரு இழப்பு வடிவக் கணிதத்தைச் சேர்ந்தது. குறி பார்க்கத் துப்பாக்கியின் மேல் உள்ள முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 15 சென்டிமீட்டர் இருக்கும்போது ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 15 மீட்டர் தொலைவில் குண்டு 10 சென்டிமீட்டர் விலகும். இடைவெளி 10 சென்டிமீட்டராகச் சுருங்கினால் விலகல் 15 சென்டிமீட்டராகிவிடும். நடுங்கும் கைக்கு இது சிறிய தண்டனை அன்று.

இலகு ரிவால்வரில் அதிகம் நேரும் விநோதமான கோளாறு ஒன்று உண்டு. தேவகோட்டைப் பேருந்து சட்டென்று கிளம்பும்போது, நிற்பவர்கள் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்க, பேருந்து அவர்களுக்கு அடியிலிருந்து நழுவுவதைப் பார்த்திருப்போம். ஒரு தோட்டா வெடித்துத் துப்பாக்கி பின்னே பாயும்போது, உருளையில் காத்திருக்கும் மற்ற ஐந்து தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளும் அதோடு பின்னே இழுபடுகின்றன. கூட்டின் வாயில் செருகியிருக்கும் குண்டோ நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கிறது. துப்பாக்கி எவ்வளவு வேகமாகப் பின்வாங்குகிறதோ அவ்வளவுக்குக் குண்டு தன் கூட்டிலிருந்து பிதுங்கும். பிதுங்கிய முனை உருளைக்கு வெளியே நீண்டு சட்டத்தில் இடித்தால், உருளை சுழலாது. உயிர் காக்க வாங்கிய பொருள் அந்த நொடியில் வெறும் உலோகக் கட்டி. ஆகவே இலகுவான துப்பாக்கியில், வாங்கிய தோட்டாவை முன்கூட்டியே சோதிக்காமல் காட்டுக்கு எடுத்துச் செல்வதை நான் மடமை என்றே சொல்வேன். உருளையில் ஐந்தைச் சுட்டுவிட்டு, சுடாமல் விட்ட ஆறாவதன் நீளத்தை அளந்து பார்ப்பது எளிய சோதனை.

உதைக்கு அஞ்சுகிறவருக்கு ஒரு நல்ல வழி உண்டு. .44 மேக்னம் ரிவால்வர், அதற்கு மூத்ததான .44 ஸ்பெஷல் தோட்டாவையும் ஏற்கும். பழைய துப்பாக்கிகளில் புதிய வலுவான தோட்டா நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே மேக்னத்தின் கூட்டை மூன்று மில்லிமீட்டர் நீட்டிச் செய்தார்கள். ஸ்பெஷலின் குண்டு அதே பருமன், நொடிக்கு 230 மீட்டர் அளவிலான வேகம். 860 கிராம் துப்பாக்கியிலும் உதை பத்து ஜூலுக்கு இறங்கிவிடும். பழகுவதற்கு அதுவே உத்தமம். கரடிக்கு எந்தத் தோட்டா உதவும் என்றால், வலுவை மட்டுமன்றிக் குண்டின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். முனையில் குழிவுள்ள குண்டு உடலில் பட்டதும் பூவாக விரிந்து விரைவில் நின்றுவிடும். கொழுப்பும் தசையும் எலும்பும் கடந்து உள்ளே போக வேண்டிய இடத்தில் அது உதவாது. கடினமான ஈயக் கலவையில் வார்த்த தட்டைமுனைக் குண்டு விரியாமல் ஆழமாகச் செல்லும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, முதலில் வாங்க வேண்டியது துப்பாக்கி அன்று என்றேன். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த நிகழ்வுகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், கரடித் தெளிப்பான் (கரடியின் முகத்தை நோக்கிப் பீய்ச்சும் காரத் தெளிப்புக் குப்பி) பழுப்புக் கரடிகளின் போக்கை 92 சதவீத நிகழ்வுகளில் தடுத்து நிறுத்தியதாகக் கண்டார்கள். அதன் சாரம் நம் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின். பாலூட்டிகளின் நரம்பு முனைகளில் வெப்பத்தை உணரும் ஏற்பியைத் தூண்டி, தீப்பட்டதுபோல் மூளையை நம்பவைப்பது அதுதான். பறவைகளின் ஏற்பி இதற்கு மசியாது, அதனால்தான் கிளி மிளகாயைக் கூசாமல் தின்கிறது. மேகமாய்ப் பரவுவதால் மில்லிமீட்டர் பிசகு அதைப் பாதிக்காது, உதையும் கிடையாது. காற்று எதிரே வீசினால் மட்டும் வினை நம் கண்ணுக்கு. விமானத்தில் கொண்டுபோக அனுமதி இல்லை என்பதால் அங்கே இறங்கித்தான் வாங்க வேண்டும்.

பிறகு அவன் வாங்கியது நான்கு அங்குலக் குழலுள்ள எஃகு ரிவால்வர். இடுப்பில் அன்றி, முதுகுப்பையின் பட்டை இடிக்காதபடி நெஞ்சுக்குக் குறுக்கே கட்டும் உறையில் வைத்திருக்கிறான். தெளிப்பான் வலக்கை எட்டும் இடத்தில். "பாரம் தெரிகிறதா?" என்று தொலைபேசியில் கேட்டேன். "மூன்றாம் நாளிலிருந்து தெரிகிறது, அம்மான்" என்றான்.