சட்டைப் பையில் ஒரு மரக்கட்டை

1990-களின் நடுவில், கலிபோர்னியாவில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ற பொறியாளர் சட்டைப் பையில் ஒரு மரக்கட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது வந்து "அன்றைக்கு நேரம் இருக்குமா?" என்று கேட்டால் கட்டையை வெளியே எடுப்பார். சாப்ஸ்டிக் குச்சியைச் சீவிச் செய்த பேனாவால் அதன்மேல் தட்டி, நாட்காட்டியைப் பார்ப்பதுபோல பாவனை செய்துவிட்டுப் பதில் சொல்வார். திரையும் பட்டன்களும் தாளில் அச்சடித்து ஒட்டியவைதான். அமைப்பு சரிப்படவில்லையா, இன்னொரு தாளை ஒட்டிப் பார்ப்பார்.

அவர் செய்ய நினைத்திருந்த கையடக்கக் கருவியின் மாதிரிதான் அந்தக் கட்டை. இப்படிச் செய்ததற்குக் காரணம் இருந்தது. 1993-ல் அவருடைய நிறுவனம் பங்கெடுத்து வெளிவந்த ஸூமர் என்ற கையடக்கக் கருவி விற்கவில்லை. பெரிதாக இருந்தது, மெதுவாக ஓடியது, விலையும் அதிகம். இதெல்லாம் தெரியவந்தது கருவியைச் செய்து கடைக்கு அனுப்பிய பிறகு. இந்த முறை, ஒரு சிப்புகூட வாங்காமலே, எதை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறோம், எந்த அளவு இருந்தால் பையில் உறுத்தாது என்று அவருக்குத் தெரிந்துபோனது. 1996-ல் பைலட் என்ற பெயரில் வந்த கருவி பெரும் வெற்றி பெற்றது.

ஆப் போன்றவற்றைப் பயன்படுத்துபவருக்கு எளிதாக அமைக்கும் வேலைக்குப் பயனர் அனுபவ வடிவமைப்பு என்று பெயர். அதில் 'லீன்' முறை என்று இன்று சொல்வதன் உயிர் அந்தக் கட்டையில் இருக்கிறது. லீன் என்றால் கொழுப்பில்லாதது, அதாவது விரயமில்லாதது. 1988-ல் ஜான் கிராஃப்சிக் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரையில் வைத்த பெயர் அது, முறை டொயோட்டாவுடையது. அங்கே பொறியாளராக இருந்த தாய்ச்சி ஓனோ விரயத்தை 7 வகையாகப் பிரித்தார். அவற்றில் மோசமானது தேவைக்கு மேல் உற்பத்தி செய்வது என்றார். மிச்சப் பொருளுக்குக் கிடங்கு வேண்டும், தூக்கிவைக்க ஆள் வேண்டும், குவியலுக்குள் பழுதும் ஒளிந்துகொள்ளும்.

ஆப் செய்கிறவர்களுக்கு அந்த மிச்சப் பொருள், யாரும் கேட்காமல் கட்டிமுடித்த திரை. அதற்கும் நிரல் எழுத வேண்டும், சோதிக்க வேண்டும், மொழிபெயர்க்க வேண்டும். பிறகு அது தப்பு என்று தெரிந்தால்? ஆறு மாதம் உழைத்துக் கட்டியதை இடிக்க யாருக்கும் மனசு வராது. பென்சில் கோட்டை அழிக்க ரப்பர் போதும். இன்னொன்று, பளபளப்பான திரையைக் காட்டினால் மனிதர்கள் மரியாதைக்காக "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். தாளில் கிறுக்கியதைக் காட்டினால் தயங்காமல் குறை சொல்வார்கள்.

சோதனை எப்படி நடக்கும் என்று பாருங்கள். மேசையில் நான்கைந்து தாள்கள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு திரை. வந்தவரிடம், "இரண்டு பேருக்கு ரயில் டிக்கெட் எடுங்கள்" என்று மட்டும் சொல்கிறோம். அவர் விரலால் தொடுகிறார். எதிரே கணினியாக நடிப்பவர் அடுத்த தாளை நகர்த்தி வைக்கிறார். விரல் ஓரிடத்தில் தயங்கி நிற்கிறது. எத்தனை பேர் என்று எங்கே போடுவது? வரைந்தவருக்கு நாக்கு துறுதுறுக்கும். வாயைத் திறக்கக் கூடாது. அந்தத் தயக்கத்தைப் பார்க்கத்தான் இவ்வளவும். அடுத்தவர் வருவதற்குள், எத்தனை பேர் என்று போடும் பெட்டியை மேலே வரைந்துவிடலாம்.

சரி, எத்தனை பேரை உட்காரவைப்பது? யாக்கோப் நீல்சன், தாமஸ் லாண்டவர் என்ற ஆய்வாளர்கள் 1993-ல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஒருவரை வைத்துச் சோதித்தால் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்கள் வெளியே வரும். மிச்சம் 69. இரண்டாமவர் அந்த மிச்சத்திலும் 31 சதவீதத்தைக் காட்டுவார், மீதி சுமார் 48. இப்படியே 33, 23, ஐந்தாமவரோடு 16. ஆறாவது ஆள் பெரும்பாலும் முன்னவர்கள் இடறிய கல்லிலேயே இடறுவார். ஆகவே 15 பேர் கிடைத்தால் ஒரே மூச்சில் சோதிக்காமல், ஐந்தைந்து பேராக மூன்று சுற்று வைத்து, இடையிடையே திருத்துவதுதான் லாபம். திருத்தமே புதுச் சிக்கலைக் கொண்டுவரக்கூடும் என்பதால் அடுத்த சுற்று அவசியமும்கூட.

31 என்பது சராசரி, அதை மறக்கக் கூடாது. சிக்கலான மென்பொருளில் அது குறையும். வாங்குபவர், விற்பவர் என இரு தரப்பும் புழங்கும் ஆப் என்றால் தரப்புக்கு ஒரு குழு தேவை. நூற்றுக்கு எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு ஐந்து பேர் பதில் சொல்ல முடியாது.

தாளுக்கும் எட்டாதவை உண்டு. நெட் மெதுவாக இருந்தால் பயனர் எவ்வளவு நேரம் பொறுப்பார் என்று அது காட்டாது. ஹாக்கின்ஸின் கட்டையும் பையில் அடங்குமா, எதை அடிக்கடி பார்க்கிறோம் என்றுதான் சொன்னது. கையெழுத்தைக் கருவி சரியாகப் படிக்குமா, இரண்டு சின்ன பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்பதற்கெல்லாம் அவர் நிஜக் கருவியைச் செய்துதான் பார்க்க வேண்டியிருந்தது.