போலி ஓட்டுப் புகாரில் உங்கள் பெயர் சிக்கினால்

வாக்காளர் அட்டை கையில் இருந்தால் ஓட்டுப் போட்டுவிடலாம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அட்டை நீங்கள் யார் என்பதைக் காட்டும், அவ்வளவுதான். உரிமையைத் தருவது வாக்காளர் பட்டியல். அதில் உங்கள் வாக்குச்சாவடிக்குரிய பாகத்தில் பெயர் இல்லை என்றால் அட்டையையும் ஆதாரையும் சேர்த்து நீட்டினாலும் வாக்குச்சாவடியிலிருந்து திரும்பி வரவேண்டியதுதான். அதனால் “இந்தத் தொகுதியில் இத்தனை ஆயிரம் போலி வாக்காளர்கள்” என்று ஒரு புகார் கிளம்பும்போது அதைக் கட்சிகளின் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. புகாரில் உண்மை இருந்தால் உங்கள் ஓட்டின் மதிப்பு குறைகிறது. புகாரைச் சாக்காக வைத்துக் கண்மண் தெரியாமல் பெயர்களை நீக்கினால் உங்கள் ஓட்டே போகிறது. இரண்டுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழி, ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக எடுத்து, அவரிடம் கேட்டு முடிவு செய்வது. இதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விளக்கம்.

முதலில், ஓட்டு ஏன் ஒரு இடத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950, பிரிவு 19-இன்படி 18 வயது நிரம்பியவர், தான் ‘சாதாரணமாக வசிக்கும்’ தொகுதியில் பதிவு செய்துகொள்ளலாம். பிரிவு 20 அதை விளக்குகிறது: ஒரு ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது, அதே சமயம், தற்காலிகமாக வெளியூர் போனதால் வசிப்பிடம் மாறிவிட்டதாகவும் ஆகாது. பிரிவு 17, 18 இரண்டும் ஒருவர் ஒரே ஒரு தொகுதியில், ஒரே ஒரு முறைதான் பதிவாகியிருக்கலாம் என்கின்றன.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சொந்த ஊர் என்று வாழ்கிறவருக்கு எது வசிப்பிடம்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாடகை வீடு மாறுகிற குடும்பத்துக்கு? புதிய இடத்தில் பதிவு செய்துவிட்டு, பழைய இடத்தில் பெயரை எடுக்கச் சொல்ல மறந்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். நடைபாதையில் உறங்குகிறவருக்கு முகவரிச் சான்றே கிடையாது. அவருக்காக, வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது நாம் பி.எல்.ஓ. என்று சொல்பவர், இரவில் போய் அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. கதவு எண் இல்லாத வீடுகளுக்குச் சில இடங்களில் ‘0’ என்று போட்டிருப்பார்கள். பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் இவை எல்லாமே சந்தேகமாகத்தான் தெரியும்.

இங்கேதான் ஒரு வேறுபாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெயர் இரண்டு இடத்தில் இருப்பது வேறு, ஓட்டு இரண்டு விழுந்தது வேறு. முன்னது பட்டியலில் உள்ள பிழை. தெரிந்தே பொய் சொல்லிப் பதிவு செய்திருந்தால் பிரிவு 31-இன்படி ஓராண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். பின்னதைக் காட்ட வேறு ஆதாரம் வேண்டும். வாக்குச்சாவடியில் நாம் கையெழுத்துப் போடும் பதிவேட்டுக்குப் படிவம் 17ஏ என்று பெயர். தேர்தல் முடிந்ததும் அது முத்திரையிடப்படும். நீதிமன்றம் சொன்னால் ஒழிய யாரும் பிரிக்க முடியாது.

2025 ஆகஸ்டில் ராகுல் காந்தி வைத்த குற்றச்சாட்டை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பெங்களூரு மத்தியத் தொகுதிக்குள் வரும் மகாதேவபுராவில் 2024 தேர்தலின்போது 1,00,250 போலி ஓட்டுகள் இருந்ததாக அவர் சொன்னார். ஒரே ஆளுக்குப் பல பதிவுகள், இல்லாத முகவரிகள், ஒரே வீட்டில் ஏராளமான வாக்காளர்கள், தெளிவில்லாத புகைப்படங்கள், புதிய வாக்காளருக்கான படிவம் 6-ஐத் தவறாகப் பயன்படுத்தியது என்று வகை பிரித்தார். தேர்தல் ஆணையம், 1960-ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகளில் 20(3)(பி)-ஐக் காட்டி, கையெழுத்திட்டு உறுதிமொழி கொடுங்கள் என்றது. அந்த விதியைப் படித்தால், விசாரணை செய்யும் பதிவு அலுவலர் தேவைப்பட்டால் சத்தியப் பிரமாணத்தின் பேரில் சாட்சியம் கேட்கலாம் என்றுதான் இருக்கிறது. கேட்டே ஆகவேண்டும் என்று இல்லை. பட்டியல் ஆணையத்தின் சொந்தப் பட்டியல். அதில் கோளாறு என்று யார் சொன்னாலும் எடுத்துச் சரிபார்க்கும் கடமை அவர்களுக்கு உண்டு என்பது என் கருத்து. அதே அளவு உறுதியாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பட்டியலில் தெரியும் பிழைகளை அப்படியே கூட்டி “இத்தனை கள்ள ஓட்டு விழுந்தது” என்று சொல்லிவிட முடியாது. வாடகை அறைக்கு வந்து போன தொழிலாளர்களின் பெயர்கள் ஒரே முகவரியில் சேர்ந்துகிடப்பது பெருநகரங்களில் சாதாரணம். அட்டை எண்ணும் அப்படித்தான். வெவ்வேறு மாநிலங்களில் இருவருக்கு ஒரே எண் இருப்பதை 2025 மார்ச்சில் ஆணையமே ஒப்புக்கொண்டது. ஆனால் அவர்கள் இருவரும் உண்மையான வாக்காளர்களாக இருக்கலாம்.

சரி, யாரோ ஒருவர் உங்கள் பெயர் போலி என்று சொல்கிறார். எப்படிச் சொல்ல முடியும்? படிவம் 7 மூலம். இறந்துவிட்டார், இடம் மாறிவிட்டார், வயது நிரம்பவில்லை, வேறு இடத்தில் பதிவு இருக்கிறது, இந்தியக் குடிமகன் இல்லை என்று காரணம் காட்டி ஆட்சேபம் எழுப்பலாம். படிவம் வந்ததும் பெயர் போய்விடாது. பி.எல்.ஓ. நேரில் பார்க்க வேண்டும். இடம் மாறிவிட்டார் என்றோ தகுதி இல்லை என்றோ நீக்குவதாக இருந்தால், 1950 சட்டத்தின் பிரிவு 22-இன்படி வாக்காளர் பதிவு அலுவலர் உங்களுக்குத் தகவல் அனுப்பி, உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 1995-இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது: ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் உரிய விசாரணைக்குப் பிறகு சேர்க்கப்பட்டவர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவர் மீது எதனால் சந்தேகம் என்பதைச் சொல்லாமல் “நீயே நிரூபி” என்று அவர் தலையில் கட்டக் கூடாது.

இந்தப் பாதுகாப்பு காகிதத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்குக் கர்நாடகத்தின் ஆளந்த் தொகுதி சாட்சி. கலபுரகி மாவட்டத்தில் இருக்கிறது. 2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் அங்கே 6,018 பெயர்களை நீக்கச் சொல்லி இணையம் வழியாகப் படிவம் 7 குவிந்தது. ஒரு பி.எல்.ஓ.வின் உறவினர் பெயரே நீக்கக் கோரிக்கையில் வந்ததால் விஷயம் வெளியே தெரிந்தது. யார் பெயரில் விண்ணப்பம் போயிருந்ததோ அவருக்கே அது தெரியாது. சரிபார்த்தபோது 24 மட்டும்தான் உண்மை. மீதி 5,994 விண்ணப்பங்கள் தவறானவை. வீடு வீடாகப் போய்ப் பார்த்ததால் அத்தனை பேரின் ஓட்டும் தப்பியது. பிறகு 2025 செப்டம்பரில், இணையத்தில் படிவம் நிரப்புகிறவர் ஆதாரோடு இணைந்த செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி. மூலம் கையொப்பமிட வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. இன்னும் முன்பே வந்திருக்க வேண்டியது.

உங்கள் பெயர் நீக்கப்பட்டுவிட்டால் மேல்முறையீடு உண்டு. உத்தரவு வந்த 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம். அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். எழுத்து வடிவில் உத்தரவு கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக “பேர் இல்லைங்க” என்று சொல்வதை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது.

மேலே சொன்னதெல்லாம் ஒரு பெயருக்கு ஒரு ஆட்சேபம் என்று நடக்கும் வழி. சிறப்புத் தீவிரத் திருத்தம், எஸ்.ஐ.ஆர்., வரும்போது கதை மாறுகிறது. அதில் எல்லோரும் கணக்கெடுப்புப் படிவம் நிரப்பித் தர வேண்டும். தராதவர் பெயர் வரைவுப் பட்டியலிலேயே வராது. பீகாரில் 2025 ஜூனில் 7.89 கோடி வாக்காளர்கள் இருந்தார்கள். ஆகஸ்ட் 1-இல் வந்த வரைவில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. யார், என்ன காரணம் என்ற பட்டியலும் வெளியிடப்படவில்லை. ஆகஸ்ட் 14-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் விடுபட்ட ஒவ்வொருவரின் பெயரும் காரணத்தோடு இணையத்திலும் அலுவலகப் பலகைகளிலும் வந்தது. செப்டம்பரில் ஆதாரையும் அடையாள ஆவணமாக ஏற்கச் சொன்னது நீதிமன்றம். அது குடியுரிமைச் சான்று ஆகாது என்றும் தெளிவாக்கியது.

தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 19-இல் வரைவு வந்தபோது சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். அவர்களில் இறந்தவர்கள் இருந்தார்கள், இரட்டைப் பதிவுகள் இருந்தன; ஆனால் பெரும்பங்கு ‘இடம் மாறியவர், வீட்டில் இல்லாதவர்’ என்ற வகை. வாடகை வீட்டுக்காரரும் வேலை தேடி வந்தவரும்தான் இந்த வகையில் முதலில் விழுகிறவர்கள். அவர்கள் போலிகள் இல்லை. பழைய இடத்தில் பெயர் போய், புதிய இடத்தில் சேராமல், இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்கள். அவர்களுக்கான வழி: பட்டியலில் எங்குமே பெயர் இல்லையென்றால் படிவம் 6, பெயர் இருந்து முகவரி மட்டும் மாறியிருந்தால் படிவம் 8.

கூட்டமாகப் பெயர்கள் கூடிக் குறையும் இடங்களில் இன்னொரு அநீதியும் சேர்ந்தே இருக்கிறது. நம் தொகுதி எல்லைகள் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2008-இல் வரையப்பட்டவை. அதற்குப் பிறகு பழைய மாமல்லபுரம் சாலை ஓரமாக நகரம் எங்கேயோ போய்விட்டது. 2021 தேர்தலில் சோழிங்கநல்லூரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். அதே சென்னையின் துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சம்கூட இல்லை. இருவருக்கும் ஆளுக்கு ஒரு எம்.எல்.ஏ. இதில் எந்த மோசடியும் இல்லை, எல்லாம் சட்டப்படிதான். ஆனாலும் ஒருவர் ஓட்டின் எடை இன்னொருவருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. போலி ஓட்டுக்காகப் போடும் சத்தத்தில் பாதியாவது இதற்கும் வரவேண்டும்.

தேர்தல் நாளுக்கு வருவோம். வேட்பாளர் மனுத்தாக்கலின் கடைசி நேரத்துக்குப் பிறகு பட்டியலில் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. எனவே அதற்கு முன்பே இணையத்திலோ 1950 என்ற எண்ணிலோ பெயரைப் பார்த்துவிடுங்கள். வாக்குச்சாவடியில் ஒரு வேட்பாளரின் முகவர் “இவர் அந்த ஆள் இல்லை” என்று எதிர்க்கலாம். அதற்கு அவர் 2 ரூபாய் கட்ட வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். எதிர்ப்பு நிரூபணமாகவில்லை என்றால் நீங்கள் ஓட்டுப் போடலாம். ஆள்மாறாட்டம் என்று தெரிந்தால் காவல்துறையிடம் ஒப்படைப்பார்கள்.

உங்கள் பெயரில் வேறு யாரோ முன்பே போட்டுவிட்டுப் போயிருந்தால், தேர்தல் நடத்தும் விதிகளில் 49பி (ஆங்கில எழுத்தில் 49P). சினிமா புண்ணியத்தில் தமிழ்நாட்டில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அரைகுறையாகத் தெரியும். நீங்கள்தான் அந்த ஆள் என்று தலைமை அலுவலருக்குத் திருப்தி ஆனால், இயந்திரத்தில் அல்ல, தாளில் ஓட்டுப் போடத் தருவார்கள். அதற்கு ஆய்வுக்குரிய வாக்கு என்று பெயர். படிவம் 17பி-யில் கையெழுத்து வாங்கி, தாளைத் தனி உறையில் வைப்பார்கள். வாக்கு எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள். நீதிமன்றத்துக்குப் போனால்தான் அதற்கு உயிர். பயனில்லை என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ராஜஸ்தானின் நாத்துவாராவில் 2008-இல் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அந்த வழக்கில் ஆய்வுக்குரிய வாக்குகளைப் பற்றிய கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது.

முடிவையே எதிர்ப்பதென்றால் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுத்தான் வழி. தோற்ற வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் போடலாம். முன்பணம் 2,000 ரூபாய். ஆனால் வழக்கு முடிய ஆகும் காலம் கொடுமையானது. ராதாபுரத்தில் 2016-இல் அப்பாவு 49 ஓட்டில் தோற்றார்; 203 தபால் ஓட்டுகள் செல்லாது என்று தள்ளப்பட்டது அங்கே பெரிய கேள்வி. உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது 2019 அக்டோபரில். எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஐந்தாண்டும் முடிந்து, 2021-இல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது.

மனுப் போடுவதற்குக் கெடு, முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள். வழக்கு எதுவும் இல்லையென்றால் வாக்குச்சாவடிக் கேமரா பதிவுகளையும் 45 நாளோடு அழித்துவிடலாம் என்று 2025-இல் ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. எனவே சந்தேகம் இருந்தால், 17பி-யில் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.