பனிக்காலத்து அறையில் ஈரம் ஏன் நிற்பதில்லை?

அமெரிக்காவின் மாடிசன் நகரில் எனக்கு முதல் குளிர்காலம். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். டிசம்பர் கடைசி வாக்கில் மெண்டோட்டா ஏரி உறைந்துவிட்டது. ஜனவரியில் ஆட்கள் அதன்மேல் நடந்துபோய், பனிக்கட்டியில் துளை போட்டு, சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து மீன் பிடித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. பார்க்கும் இடமெல்லாம் தண்ணீர்தான், கெட்டியாகக் கிடக்கிறது. ஆனால் அறைக்குள்ளே காலையில் எழுந்தால் தொண்டை ஒட்டிக்கொண்டிருக்கும். உதடு வெடித்திருக்கும். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் மெல்லிய ரத்தக் கீற்று. கதவுப் பிடியைத் தொட்டால் விரல் நுனியில் சுரீரென்று ஷாக்.

எனக்கு முன்னால் வந்த மாணவர்கள் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள்: ஹீட்டர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுகிறதாம். நானும் நெடுநாள் நம்பினேன். அது சரியில்லை. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் காற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரையும் எடுப்பதில்லை. அந்தக் காற்றில் எடுக்க எதுவும் பெரிதாக இல்லை என்பதுதான் விஷயம்.

செல்பேசி 5 டிகிரி என்று காட்டும் ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். அது ஃபாரன்ஹீட், நம் செல்சியஸ் கணக்கில் மைனஸ் 15. அந்தக் குளிரில் ஒரு கனமீட்டர் காற்றில் அதிகபட்சம் சுமார் ஒன்றரை கிராம் நீராவிதான் இருக்க முடியும். 0 டிகிரியில் அது கிட்டத்தட்ட 5 கிராம், 20 டிகிரியில் 17 கிராம், 30 டிகிரியில் 30 கிராம். ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரண்டு மடங்காகிறது. இந்த ஏற்றம் எவ்வளவு செங்குத்தானது என்று புரிந்துவிட்டால் பனிக்காலத்துத் தொல்லைகளில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

‘சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும்’ என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். காற்று ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. நீரின் பரப்பிலிருந்து மூலக்கூறுகள் தப்பித்து ஆவியாகிக்கொண்டே இருக்கின்றன. ஆவியிலிருந்து சில திரும்பி வந்து ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. போவதும் வருவதும் சமமாகும் அளவுதான் அந்த உச்சவரம்பு. வெப்பம் கூடினால் தப்பிக்கும் வேகம் கூடுகிறது, வரம்பும் உயர்கிறது. காற்றே இல்லாத வெற்றிடத்திலும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

இப்போது அந்த மைனஸ் 15 டிகிரிக் காற்று கதவிடுக்கு, ஜன்னல் சந்து வழியாக உள்ளே வருகிறது. கனமீட்டருக்கு 1.2 கிராம் நீராவி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே அது வரம்பில் சுமார் 80 சதவீதம்; வானிலை அறிக்கையும் ‘ஈரப்பதம் அதிகம்’ என்றே சொல்லும். அதே காற்றை 21 டிகிரிக்குச் சூடாக்கினால் வரம்பு 18 கிராமுக்கு ஏறிவிடுகிறது. உள்ளே இருப்பதோ அதே 1.2 கிராம். 7 சதவீதம்கூட இல்லை. நாம் விடும் மூச்சு, சமையல், குளியல் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கூட்டும். பத்து டாலருக்கு வாங்கிய ஈரப்பதமானியை மேசையில் வைத்துப் பார்த்தேன்: 14 சதவீதம்.

தொண்டைக்கு வருவோம். ஒரு நாளில் நாம் ஏறக்குறைய 10 கனமீட்டர் காற்றை இழுத்து விடுகிறோம். வெளியே விடும் மூச்சு கிட்டத்தட்ட 34 டிகிரி, ஈரம் நிறைந்தது, கனமீட்டருக்கு 37 கிராம் நீராவி அதில் இருக்கும். சென்னையில் 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால் இழுக்கும் காற்றிலேயே 21 கிராம் இருக்கிறது; மிச்சம் 16 கிராமை மட்டும் உடம்பு சேர்த்தால் போதும். மாடிசன் அறையில் 34 கிராம் வரை சேர்க்க வேண்டும், அதாவது இரண்டு மடங்குக்கு மேல். அத்தனையையும் மூக்கும் தொண்டையும்தான் தங்கள் ஈரத்திலிருந்து கொடுக்கின்றன. வாயைத் திறந்துகொண்டு தூங்கினால் காலையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தோலும் இப்படித்தான், மேலடுக்கின் ஈரத்தை இழக்கிறது. சுடச்சுடக் குளித்தால் தோலின் எண்ணெய்ப் பசையும் போய்விடும். குளித்த உடம்பு ஈரமாக இருக்கும்போதே எண்ணெய் தடவினால் ஈரம் தப்பிப்பது குறையும். அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அது 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், எங்கள் அறையோ 21. ரேடியேட்டர் மேல் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வைத்துத்தான் எடுப்பேன். ஒரு நல்லதும் உண்டு. ஊரில் பொரித்த அப்பளம் ஒரு மணி நேரத்தில் நமுத்துப்போகும். இங்கே தட்டில் மூடாமல் வைத்த அப்பளம் மறுநாள் ராத்திரியும் மொறுமொறுவென்று உடைந்தது.

அப்புறம் அந்த ஷாக். செருப்பின் அடிப்பாகமும் நைலான் கார்பெட்டும் ஒட்டி ஒட்டிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னூட்டம் கொஞ்சம் இடம் மாறுகிறது. அறையைக் கடப்பதற்குள் உடம்பு பல ஆயிரம் வோல்ட்டுக்கு ஏறிவிடும். காற்றைப் பிளந்து பொறி பாய, ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30,000 வோல்ட் வேண்டும். ஆக, விரலுக்கும் கதவுப் பிடிக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் பொறி தெறித்தால் உங்கள் உடம்பு ஏறக்குறைய 9,000 வோல்ட்டில் இருந்தது என்று அர்த்தம். நம் வீட்டு 230 வோல்ட் ஆளைக் கொல்லும். இது ஏன் கொல்வதில்லை? உடம்பில் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் மிகச் சொற்பம். கண்ணிமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட ஆகாமல் தீர்ந்துவிடுகிறது. வீட்டுக் கம்பியிலோ மின்சாரம் வந்துகொண்டே இருக்கும்.

ஊரிலும் இந்த உராய்வு உண்டு. அங்கே ஈரமான காற்று மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். நீராவி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் பொருள் அல்ல. வேலை நடப்பது பொருள்களின் மேற்பரப்பில். ஈரப்பதம் உள்ள இடத்தில் கார்பெட், துணி, செருப்பு எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்திருக்கும். சேரும் மின்னூட்டம் அதன் வழியே உடனுக்குடன் கசிந்து போய்விடும். பனிக்கால அறையில் அந்தப் படலம் காய்ந்துபோவதால் மின்னூட்டம் போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. வெறுங்காலில் சிமெண்ட் தரையில் நடந்து வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமே இல்லாத அனுபவம்.

இதற்கு நான் கண்ட நல்ல வழி சாவி. சாவியை இறுக்கிப் பிடித்து அதன் முனையால் கதவுப் பிடியைத் தொடுங்கள். பொறி சாவி முனையில் தெறிக்கும். மின்னோட்டம் உள்ளங்கையில் பரந்த இடத்தில் பாய்வதால் வலிக்காது. மின்னணுவியல் ஆய்வகங்களில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. நமக்கு உறைக்கவே 3,000 வோல்ட் அளவுக்கு வேண்டும்; அதற்கு வெகு கீழேயே சில சிப்புகள் கெட்டுப்போகும். அங்கே மணிக்கட்டில் பட்டை கட்டி, ஒரு கம்பியால் தரையோடு இணைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள்.

சரி, அறையில் ஈரத்தைக் கூட்டினால் என்ன? நான்குக்கு மூன்று மீட்டர் அறை, இரண்டரை மீட்டர் உயரம் என்றால் 30 கனமீட்டர். 7 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்குக் கொண்டுவர 180 கிராம் தண்ணீர் போதும். ஒரு டம்ளர்கூட நிறையாது! அப்படியானால் காற்றுக்கு ஈரமூட்டும் ஹியூமிடிஃபயர் கருவி ஏன் குடம் குடமாகக் கேட்கிறது? பழைய கட்டிடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று முழுக்க மாறுகிறது என்றால், அந்த டம்ளரை இரண்டு மணிக்கொருமுறை ஊற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்கு மேல். நான் ஹியூமிடிஃபயர் வாங்கவில்லை. கட்டிலுக்கு மேலே கயிறு கட்டி, அலசிய துண்டையும் வேட்டியையும் பிழிந்தும் பிழியாமலும் தொங்கவிடுவேன். விடியும்போது இரண்டும் விறைப்பாகக் காய்ந்திருக்கும். அந்தத் தண்ணீர் முழுக்க நான் மூச்சில் இழுத்த காற்றுக்குப் போயிருக்கும்.

ஆனால் அதிகம் ஆசைப்படக் கூடாது. 21 டிகிரி, 40 சதவீதம் என்றால் 7 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் நீர் கோத்துக்கொள்ளும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலின் உள்பக்கம் அந்த இரவுகளில் பூஜ்யத்துக்கும் கீழே. ஒருநாள் துண்டு, வேட்டி, ஜீன்ஸ் எல்லாவற்றையும் தொங்கவிட்டுத் தூங்கினேன். காலையில் கண்ணாடி முழுக்க உறைபனி இறகு இறகாகக் கிளை விட்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. மதியம் அது உருகி மரச்சட்டத்தில் வழிந்தது. இரண்டு வாரத்தில் ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சணம். வெளியே குளிர் கூடக் கூட உள்ளே ஈரத்தைக் குறைத்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. அதற்கப்புறம் ஜன்னல்தான் எனக்கு அளவுகோல்: கண்ணாடியின் கீழ் விளிம்பில் பனி கட்டினால் கயிற்றிலிருந்து ஒரு துணியை எடுத்துவிடுவேன்.

ஏப்ரல் மாதத்தில் ஏரி உருகி, வெளியே 10 டிகிரி வந்தது. அந்தக் காற்றில் கனமீட்டருக்கு ஆறேழு கிராம் நீராவி. உள்ளே வந்து சூடானாலும் 35 சதவீதத்துக்குக் குறையவில்லை. ஒருநாள் கையில் சாவி இல்லாமல் கதவுப் பிடியைத் தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை.