வாக்-ஆன்: ஓட்டக்காரருக்கு ஏன் நடைப் பெயர்?

அமெரிக்கக் கல்லூரியில் படிக்கப் போகும் பிள்ளை, "ஓட்ட அணியில் வாக்-ஆனாகச் சேரலாமா?" என்று கேட்டால், ஓடுகிற இடத்தில் நடைக்கு என்ன வேலை என்றுதான் நமக்குத் தோன்றும். விளையாட்டுக்கென்று உதவித்தொகை எதுவும் பெறாமல் கல்லூரி அணியில் இருப்பவரே வாக்-ஆன். எதிராளி வராததால் கிடைக்கும் வாக்-ஓவர் வேறு. அது குதிரைப் பந்தயத்துச் சொல். களத்தில் ஒற்றைக் குதிரைதான் என்றால் அது நடந்தே ஜெயித்துவிடும்.

வாக்-ஆன் என்ற சொல் நாடக மேடையிலும் உண்டு. தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போகும் வேலைக்காரன் வேடம் அது. 'தலைகாட்டும் வேடம்' என்றால் நமக்குச் சட்டென்று புரியும்.

விளையாட்டில்தான் தமிழாக்கம் சிக்கல். 'அழையா வீரர்' என்று சொல்லலாமா என்றால், வாக்-ஆனில் ஒரு வகையைப் பயிற்சியாளரே அழைக்கிறார். 'ப்ரிஃபர்ட் வாக்-ஆன்' என்பார்கள். இடம் உண்டு, பணம் இல்லை என்று பொருள். மற்றவர்கள் தங்கள் 1600, 3200 மீட்டர் நேரங்களை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுத் தேர்வோட்டத்துக்குக் காத்திருப்பார்கள். 'தன்னார்வ வீரர்' என்றால் ரத்ததான முகாம் நினைவுக்கு வருகிறது. 'சொந்தச் செலவு வீரர்' என்பதும் தப்பு. படிப்புக்கான உதவித்தொகையை வாக்-ஆனும் வாங்கலாம். எழுத்தில் 'விளையாட்டு உதவித்தொகை பெறாத வீரர்' என்பதே சரி. நீளம்தான், என்ன செய்வது! பேச்சில் வாக்-ஆன் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தச் சொல்லுக்கு ஓட்ட அணிகளில் மவுசு வந்ததற்குக் காரணம் பணக் கணக்கு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில், கிராஸ் கன்ட்ரி எனப்படும் திறந்தவெளி நெடுந்தூர ஓட்டம், தடகளம் இரண்டுக்கும் சேர்த்து ஆண்கள் அணிக்கு 12.6 முழு உதவித்தொகை, பெண்களுக்கு 18 என்று நெடுநாள் உச்சவரம்பு இருந்தது. அதைத் துண்டுதுண்டாகப் பிரித்துக் கொடுத்தும் பலருக்கு ஒன்றும் மிஞ்சாது. மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. அங்கே இந்தச் சொல்லுக்கு அவ்வளவாக வேலையில்லை.

2025-இல் கணக்கு தலைகீழானது. ஒரு வழக்கின் சமரசத் தீர்வை ஏற்ற கல்லூரிகளில் உதவித்தொகை வரம்பு போய், ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. கிராஸ் கன்ட்ரிக்கு 17 பேர். முன்பு பணம்தான் அளவாக இருந்தது, ஓரத்தில் ஓடிக்கொள்ள இடம் கிடைத்தது. இப்போது இடமே அளவாகிவிட்டது. அதனால் சேரலாமா என்று யோசிப்பவர் முதலில் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது, "17-இல் எனக்கு இடம் உறுதியா, தேர்வோட்டம் ஓட வேண்டுமா?" என்பதைத்தான். ப்ரிஃபர்ட் என்ற அடைமொழியை மட்டும் நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பேன்.

அப்புறம் நேரம். போட்டிப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பயிற்சிக்குப் போகும், தொகை வாங்குபவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே மாதிரி. தேசியப் போட்டியில் அணிக்கு 7 பேர்தான் ஓடலாம், புள்ளி முதல் 5 பேருக்கு. பன்னிரண்டாவது ஆளாகப் பயிற்சி மட்டும் செய்ய மனம் ஒப்பவில்லை என்றால், பல கல்லூரிகளில் மாணவர்களே நடத்தும் ஓட்டக் கிளப் இருக்கிறது. அங்கே தேர்வோட்டம் பெரும்பாலும் இல்லை. யாரையும் வாக்-ஆன் என்று பிரித்துச் சொல்வதும் இல்லை.