இம்பீடன்ஸ்: மின்மறிப்பு

காரில் அமெச்சூர் வானொலி (பொழுதுபோக்காக அலைபரப்பிப் பேசும் கருவி) பூட்டுவதைப் பற்றி யாழ்ப்பாணத்தில் தமிழில் பேசத் தொடங்கினால், ‘இம்பீடன்ஸ்’ என்ற சொல்லிலேயே பேச்சு நின்றுவிடும். திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டத்துக்கு ஒரு சுற்றோ அன்ரெனாவோ காட்டும் மொத்த எதிர்ப்புத்தான் அது. ‘மின்தடை’ என்றால் இங்கே கரண்ட் நிற்பதுதான். ‘மின்தடங்கல்’ என்றாலும் மனம் அங்கேதான் போகும்.

இந்தச் சொல்லை 1886 இல் ஆக்கியவர் ஒலிவர் ஹெவிசைட் என்ற ஆங்கிலேயர். அதன் இலத்தீன் வேருக்குக் காலைப் பிணைத்தல் என்று பொருள். அப்படியானால் தமிழில் ‘தளை’தானே நேர்ச்சொல்? எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் பனையில் ஏறுபவரின் காலில் இருக்கும் தளைநார் அவரைத் தடுப்பதில்லை, தாங்குகிறது. அதனால் அதை விட்டுவிட்டேன்.

நான் எடுத்துக்கொள்வது மின்மறிப்பு. மறித்தல் என்றால் தடுத்தல்: வழிமறித்தல், மறியல். மறிதல் என்றால் மடங்கித் திரும்புதல்: அலை புரளும் கடலை மறிகடல் என்றார்கள். இம்பீடன்சிலும் இந்த இரண்டும் உண்டு. ஒரு பகுதி தடை. அங்கே போன சக்தி திரும்பாது. மற்றப் பகுதி சக்தியைக் கொஞ்சம் வாங்கி வைத்துவிட்டுத் திருப்பித் தரும். கம்பிச் சுருளும் கொள்ளளவியும் (கப்பாசிற்றர்) செய்வது அதைத்தான்.

காருக்கு வருவோம். 7 மெகாஹேட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 43 மீற்றர். கால் அலைநீள அன்ரெனா என்றாலே 10 மீற்றரைத் தாண்டும். அதைக் கார்க் கூரையில் நட்டுக்கொண்டு வீதிக் கம்பிகளுக்குக் கீழே போக முடியாது. இரண்டரை மீற்றர்க் கம்பிதான் சரிவரும். அவ்வளவு குட்டையான கம்பி கொள்ளளவிபோல நடந்து சக்தியைத் திருப்பி அனுப்பும். சுருள் ஒன்றைச் சேர்த்தால் அந்தத் திருப்பல் நீங்கும். மிஞ்சும் தடை 25 ஓம் என்று வைப்போம். வானொலியும் கேபிளும் எதிர்பார்ப்பது 50 ஓம். அப்போது, பொருத்தம் எவ்வளவு தவறுகிறது என்று காட்டும் நிலையலை விகிதம் (SWR) 2; சரியாகப் பொருந்தினால் அது 1. போகும் சக்தியில் ஏறக்குறைய 11 வீதம் திரும்பிவிடும். கம்பியின் அடியிலிருந்து கார் உடலுக்கு ஒரு சிறு சுருளைப் போட்டு, கம்பியின் நீளத்தையும் சற்றே குறைத்து, 25 ஐ 50 ஆகக் காட்டுவதுதான் மறிப்புப் பொருத்தம். ‘சமப்படுத்தல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்குப் ‘பொருத்தம்’தான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் கம்பியின் தடை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, இடையில் இருக்கும் சுருள்தான் கம்பியையும் கேபிளையும் இணைக்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இவ்வளவு குட்டைக் கம்பி, பொருத்தும் சுருள் எதுவும் இல்லாமலே, நிலையலை விகிதத்தை அளக்கும் மீற்றரில் 1 காட்டினால் சந்தேகப்படுங்கள். கம்பியின் அடிப்பூட்டு துருப்பிடித்திருக்கலாம். எங்கள் உப்புக்காற்றுக்கு அது பெரிய வேலையில்லை. துருவில் வீணாகும் சக்தியின் இழப்பும் தடையாகவே கணக்கில் சேர்ந்து 50 ஐ நிரப்பிவிடும். பெயின்ரையும் துருவையும் சுரண்டி, பூட்டு கார் உடலை நன்றாகத் தொடும்படி இறுக்குங்கள். அப்புறம் விகிதம் ஏறினால் பயப்பட வேண்டாம், இழப்புக் குறைந்திருக்கிறது. இனித்தான் அந்தச் சிறு சுருளுக்கு வேலை.