நாற்பத்திரண்டு வயதுக் கை எப்படி வீசுகிறது?

2025 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணி, ஜஸ்டின் வெர்லாண்டரை 1.5 கோடி டாலர் ஊதியத்துக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. அடுத்த மாதம் அவருக்கு 42 வயது நிறைவடைய இருந்தது. 2011, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் தம் லீகின் சிறந்த பிட்சருக்கான (பந்து வீசுபவருக்கான) சை யங் விருதைப் பெற்றவர் அவர். அப்போது ஆடிக்கொண்டிருந்த பிட்சர்களில் மிக அதிகமாக 262 வெற்றிகளும் அவர் கணக்கில் இருந்தன. ஆனால் 2024-இல் தோளும் கழுத்தும் தொல்லை கொடுத்ததால் அவரால் 17 ஆட்டங்களில்தான் வீச முடிந்தது. அவற்றிலும் ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்தின் அளவுக்கு, சராசரியாக 5.48 ரன்களை விட்டுக்கொடுத்தார். நான்கைச் சுற்றியிருந்தால் சராசரி, அதற்குக் கீழே போகப் போக நல்லது என்று கருதப்படும் கணக்கு அது. இப்படிப்பட்ட ஒருவருக்கு அணி எதற்காகப் பணம் கொடுக்கிறது என்ற கேள்விக்கு விடை, அவருடைய பழைய புகழைவிட, பந்து பறக்கும் அரை நொடிக்கும் குறைவான நேரத்தில்தான் இருக்கிறது.

முதலில் ஓர் எளிய தேவை. ஆறு மாதங்களுக்குள் 162 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்று ஓர் அணி ஏறக்குறைய 1,450 இன்னிங்ஸுக்கு யாரையாவது வீசவைத்தாக வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கி முதல் ஐந்தாறு இன்னிங்ஸைத் தாங்குபவரே ஸ்டார்டிங் பிட்சர். ஐந்து பேர் முறைவைத்து வீசுவதால், ஒருவர் வீசிய பின் நான்கைந்து நாள் அவர் கைக்கு ஓய்வு. இந்த ஐவரில் ஓரிடம் காலியாகக் கிடந்தால், முதிராத இளைஞர்களைக் கொண்டு அதை நிரப்ப வேண்டியிருக்கும். ஆளைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே சேர்ப்பதற்கு உடலியல் காரணமும் உண்டு: பிப்ரவரி நடுவில் தொடங்கும் பயிற்சி முகாமில் பிட்சர்கள் ஓரிரு இன்னிங்ஸில் ஆரம்பித்து, ஆறு வாரங்களில் சுமார் 90 பந்துகள் வரை மெல்ல மெல்ல ஏறுகிறார்கள். தசை விரைவில் பழகிக்கொள்ளும். எலும்புகளை இணைக்கும் தசைநார்கள் அவ்வளவு விரைவில் பழகுவதில்லை.

இனி பந்துக்கு வருவோம். பிட்சர் நிற்கும் மேட்டுக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர். அவர் காலை நீட்டி முன்னே வந்து வீசுவதால், பந்து உண்மையில் பறப்பது ஏறக்குறைய 16.8 மீட்டர். இளமையில் வெர்லாண்டர் மணிக்கு 161 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டவர். அந்த வேகத்தில் வரும் பந்து, காற்றுத்தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுமார் 0.395 நொடியில் பேட்டரை அடையும். நாற்பதைத் தாண்டிய பின் அவருடைய ஃபாஸ்ட்பால், அதாவது முழு வேகத்தில் வீசும் பந்து, 151 கிலோமீட்டரை ஒட்டியே செல்கிறது; அது எடுத்துக்கொள்வது 0.42 நொடி. ஆக, முதுமை பேட்டருக்குக் கொடுத்த கூடுதல் அவகாசம் ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு.

இது சிறிய எண்ணாகத் தோன்றினாலும் சிறியதன்று. மட்டையைச் சுழற்றவே சுமார் 0.15 நொடி ஆகும் என்பதால், பந்து பாதி வழி வருவதற்குள் பேட்டர் முடிவெடுத்தாக வேண்டும். மட்டையின் முனை நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் நகர்கிறது. நூறில் ஒரு நொடி முந்தினாலோ பிந்தினாலோ பந்து ஆடுகளத்துக்கு வெளியே சிதறிப்போகும். அந்த அளவில் நாற்பதில் ஒரு பங்கு நொடி என்பது பெரும் சலுகை.

ஆனால் இதே கணக்கை 125 கிலோமீட்டர் வேகத்தில் வளைந்து இறங்கும் கர்வ்பாலுக்குப் போட்டால் 0.51 நொடி வருகிறது. ஒரே கை, ஒரே அசைவு, ஒரே புள்ளியிலிருந்து புறப்படும் இரண்டு பந்துகள், அவற்றுக்கிடையே 0.09 நொடி வேறுபாடு. இருபது ஆண்டுகள் பறித்துக்கொண்டது 0.025 நொடி என்றால், பந்தை மாற்றி வீசுவதால் பிட்சர் உண்டாக்கும் குழப்பம் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அணி விலை கொடுத்து வாங்குவது இந்த வேறுபாட்டைத்தான் என்பது என் கருத்து. ஃபாஸ்ட்பால், பக்கவாட்டில் விலகும் ஸ்லைடர், கர்வ்பால், ஃபாஸ்ட்பால் போலத் தோன்றி மெதுவாக வரும் சேஞ்ச்அப் ஆகிய நான்கையும் புறப்படும் கணத்தில் ஒன்றுபோலவே தோன்றும்படி வீசுவதற்குப் பல்லாயிரம் முறை பழகிய உடல் வேண்டும். 24 வயது வேகப் பிட்சர்கள் பலரிடம் அது இருப்பதில்லை.

பந்தின் சுழற்சியும் இதோடு சேர்கிறது. பேஸ்பாலில் பந்து தரையில் பட்டு எழுவதில்லை. கிரிக்கெட்டைப் போலப் பிட்ச்சிலிருந்து உதவி எதிர்பார்க்க முடியாது. எல்லாம் காற்றில்தான் நடந்தாக வேண்டும். நிமிடத்துக்கு 2,400 முறை பின்னோக்கிச் சுழலும் ஃபாஸ்ட்பால், பேட்டரை அடைவதற்குள் 16 அல்லது 17 சுற்றுகள் சுற்றிவிடும். தையல் மேடுகள் காற்றை இழுத்துக்கொண்டு திரும்ப, பந்தின் பின்னால் காற்றோட்டம் கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. எதிர்விசை பந்தை மேலே தாங்குகிறது. இதுவே மேக்னஸ் விளைவு. புவியீர்ப்பு மட்டும் இருந்தால் 0.4 நொடியில் பந்து 78 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். நல்ல சுழற்சி அதில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டரை மிச்சப்படுத்துகிறது. பந்து எழும்புவதாகப் பேட்டர் சத்தியம் செய்வார். உண்மையில் அது எழுவதில்லை. அவர் எதிர்பார்த்த அளவுக்கு இறங்குவதில்லை, அவ்வளவுதான். கர்வ்பாலில் சுழற்சி முன்னோக்கி இருப்பதால் அதே விசை புவியீர்ப்போடு சேர்ந்து பந்தைக் கீழே அழுத்துகிறது.

காற்று இவ்வளவு வேலை செய்வதால், எந்த ஊரில் வீசுகிறார் என்பதும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. சான் பிரான்சிஸ்கோ மைதானம் வளைகுடாவின் கரையிலேயே இருக்கிறது. அங்கே கடல்மட்டத்துக் குளிர்காற்று அடர்த்தியானது. உயர அடிக்கப்படும் பந்து தடையை மீறி வெகுதூரம் போவது கடினம். உயரப் பந்துகளை அதிகம் அடிக்கவிடும் வெர்லாண்டருக்கு அது தோதான இடம். இதற்கு நேர்மாறானது 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர்; அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பந்தும் அந்த அளவுக்கு வளையாது. அந்த ஊரின் கொலராடோ ராக்கீஸ்தான் 2012-இல் 49 வயது ஜேமி மோயரைச் சேர்த்தது. அவருடைய ஃபாஸ்ட்பாலே 126 கிலோமீட்டர் வேகம்தான். அந்த ஏப்ரலில் ஓர் ஆட்டத்தை வென்று, பெரிய லீகுகளில் வென்ற மிக மூத்த பிட்சர் என்ற பெயரைப் பெற்றார். ஆனால் பத்து ஆட்டங்களுக்குப் பின் அணி அவரை விடுவித்தது. ஃபாஸ்ட்பால் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் பேட்டர் முன்கூட்டியே தொடங்கத் தேவையில்லை, எல்லாவற்றையும் காத்திருந்து அடிக்கலாம். மாற்றி வீசும் தந்திரத்துக்கும் ஓர் அடிமட்ட வேகம் தேவைப்படுகிறது.

அந்த அடிமட்டத்தைக் காக்க வேண்டியது முழங்கை. வீசும்போது தோள் நொடிக்கு ஏறக்குறைய 7,000 பாகை வேகத்தில் சுழல்கிறது. மனித உடலில் அளக்கப்பட்ட அசைவுகளில் மிக வேகமானவற்றுள் ஒன்று இது. கை பின்னால் மடங்கி முன்னே திரும்பும் கணத்தில் முழங்கையின் உட்புறத்தில் சுமார் 64 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை விழுவதாக ஆய்வுக்கூட அளவீடுகள் காட்டியுள்ளன. இறந்தவர்களின் முழங்கைகளில் சோதித்தபோது, அங்குள்ள தசைநார் இதில் ஏறத்தாழ பாதி விசையிலேயே அறுந்துபோனது. அப்படியானால் மீதிச் சுமையை முன்கைத் தசைகள் தாங்குகின்றன என்று பொருள். தசை களைத்தால் சுமை தசைநாருக்கு மாறும். வயது ஏற ஏறத் தசையின் விரைவு இழைகள் மெலிவதும், ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் உடல் தேறுவதற்கு அதிக நாள் ஆவதும் சேர்ந்துகொள்ளும்.

அறுந்த தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறிடத்தில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை எடுத்துப் பொருத்தும் அறுவை சிகிச்சையை 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்தார். ஜான் 1976-இல் திரும்பி வந்து, 46 வயது வரை வீசி, மொத்தம் 288 வெற்றிகளோடு விடைபெற்றார். அவற்றில் 164 சிகிச்சைக்குப் பிந்தியவை. வெர்லாண்டர் இதே சிகிச்சையை 2020-இல், 37 வயதில், செய்துகொண்டார். 2022-இல் திரும்பியபோது ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.75 ரன் மட்டுமே கொடுத்து மூன்றாவது சை யங் விருதை வாங்கினார்.

இத்தகைய கையின் அடுத்த ஆண்டை எப்படிக் கணிப்பது? டாம் டாங்கோ என்ற ஆய்வாளர், ஒரு குரங்குகூடப் போடக்கூடிய கணக்கு என்று வேடிக்கையாகச் சொல்லி, தொலைக்காட்சிக் குரங்கு ஒன்றின் பெயரான மார்செல் என்பதையே தம் முறைக்குச் சூட்டினார். பிட்சருக்குக் கடைசி மூன்று ஆண்டுகளை 3:2:1 என்று அண்மைக்கு முன்னுரிமை கொடுத்து எடையிட்டு, லீக் சராசரியை நோக்கிச் சற்று இழுத்து, வயதுக்கு ஒரு திருத்தம் செய்வதே அதன் சாரம். வெர்லாண்டரின் 5.48, 3.22, 1.75 ஆகியவற்றை வீசிய இன்னிங்ஸோடு சேர்த்து இப்படி எடையிட்டுப் பார்த்தால் 3.68 கிடைக்கிறது, சராசரியை நோக்கி இழுத்தால் அது இன்னும் சற்று மேலே போகும். வயதுத் திருத்தம்தான் சிக்கல். 42 வயதிலும் வீசுவோர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சரிந்து விலகியவர்கள் கணக்கில் வராததால், எஞ்சியவர்களை வைத்து வரையும் வளைவு உள்ளதைவிட நம்பிக்கையூட்டுவதாகவே அமையும்.

2025 பருவத்தில் அவர் 29 ஆட்டங்களைத் தொடங்கி, 152 இன்னிங்ஸ் வீசி, 3.85 என்று முடித்தார். குரங்குக் கணக்கு ஏறக்குறைய சரியாகவே சொல்லியிருந்தது. ஆனால் வெற்றி தோல்விக் கணக்கில் 4-11 என்று நின்றது. முதல் வெற்றியே ஜூலை 23 அன்று, தம் பதினேழாவது ஆட்டத்தில்தான் கிடைத்தது. ஐந்து இன்னிங்ஸாவது வீசி, விலகும்போது தம் அணி முன்னிலையில் இருந்து, அது கடைசிவரை நிலைத்தால்தான் தொடங்கிய பிட்சருக்கு வெற்றி எழுதப்படும் என்பதால், தம் அணிப் பேட்டர்கள் அடிக்காத குறையும் அவர் பெயரிலேயே பதிவாகிறது. பிட்சரை அளக்க இதைவிட மோசமான அளவுகோல் கிடையாது.

அதே குளிர்காலத்தில் டொரான்டோ புளூ ஜேஸ் அணி, 40 வயது மேக்ஸ் ஷெர்சரை 1.55 கோடி டாலருக்கு ஓராண்டுக்குச் சேர்த்தது. அவருக்குக் கைக் கட்டைவிரலில் வலி வந்து, மார்ச் இறுதியில் வீசியவர் ஜூன் பிற்பகுதியில்தான் திரும்பினார். 85 இன்னிங்ஸ், 5.19. வெர்லாண்டரின் ஒரு இன்னிங்ஸுக்கு ஏறக்குறைய 99,000 டாலர் செலவானது என்றால், இவருடையதற்கு 1,82,000. இருவருக்கும் ஓராண்டுக்கு மேல் ஒப்பந்தம் எழுதப்படாததன் காரணம் இந்த இடைவெளிதான். இருந்தும், நவம்பர் 1 அன்று, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தை, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராகத் தொடங்கும் பொறுப்பை டொரான்டோ 41 வயதாகியிருந்த ஷெர்சரிடமே கொடுத்தது. நான்கு இன்னிங்ஸைத் தாண்டி வீசிய அவர் விட்டுக்கொடுத்தது ஒரே ரன்.