ஆர்க்டிக் நீர் சூடேறினால் பாசி வைரஸுக்கு என்ன ஆகும்?

ஆர்க்டிக் கடலின் முக்கியமான பச்சைப் பாசிகளுள் ஒன்று மைக்ரோமோனாஸ் போலாரிஸ். ஒற்றைச் செல், குறுக்களவு 2 மைக்ரோமீட்டர்கூட இராது. பனி உருகி மேல்நீரில் உப்பு குறையும்போது, அது கனத்த அடிநீரோடு கலக்காமல் தனி அடுக்காக நிற்கிறது. கீழிருந்து பாசிக்கு உரமான நைட்ரேட் ஏறி வருவது குறைகிறது. பருமனோடு ஒப்பிட்டால் பரப்பு அதிகமுள்ள சின்னச் செல்களுக்கு அந்தப் பற்றாக்குறையில் பிழைப்பது சுலபம். ஆர்க்டிக் கடலின் கனடா படுகையில் 2004 முதல் 2008 வரை எடுத்த மாதிரிகளிலேயே சிறிய பாசிகள் கூடி, பெரியவை குறைந்தது தெரிந்தது.

இந்தப் பாசியைத் தாக்கும் நான்கு வைரஸ்களைப் பற்றிய ஆய்வு 2017-இல் வெளியானது. சுமார் 120 நானோமீட்டர் அளவு, இரட்டை இழை டிஎன்ஏ. நகலெடுக்கவும் புரதம் கட்டவும் வைரஸ் பாசியின் ரைபோசோம்களையும் (செல்லுக்குள் புரதம் கட்டும் நுண் உறுப்புகள்) ஆற்றலையும்தான் நம்பியிருக்கிறது. குளிரில் பாசி மந்தமானால் வைரஸும் மந்தம். தொற்றியதிலிருந்து புது வைரஸ்கள் வெளிவரும் வரையிலான மறைகாலம் மூன்று வைரஸ்களுக்கு 18 மணி நேரம், நான்காவதற்கு 39. வெப்பநிலையை ஏற்றியபோது மறைகாலம் பாதி வரை சுருங்கியது. ஒரு செல் வெடித்து வெளியேறும் வைரஸ்கள் 40 சதவீதம் வரை கூடின. ஆனால் எல்லா ஜோடிகளிலும் இப்படி நடக்கவில்லை. வைரஸ் எது, பாசி ரகம் எது என்பதைப் பொறுத்து விளைவு வெகுவாக மாறியது.

சூடு கூடினால் வைரஸுக்கே லாபம் என்றும் சொல்லிவிட முடியாது. செல்லுக்கு வெளியே மிதக்கும் வைரஸ், வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் தொற்றும் திறனை இழக்கும். பனிப்போர்வை விலகினால் புற ஊதாக் கதிரும் அதைச் சிதைக்கும். துருவப் பாசியல்லாத எமிலியானியா ஹக்ஸ்லியியில் இன்னொரு வினோதம்: 18 டிகிரி செல்சியஸில் வைரஸுக்குப் பலியான ரகங்கள் 21 டிகிரியில் எதிர்த்து நின்றன.

வெடித்த செல்லின் சத்து கரைந்து பாக்டீரியாவுக்குப் போகிறது. பாசியை மேயும் நுண்ணுயிர்களுக்கும், அவற்றை உண்ணும் இறால் போன்ற சிறு மிதவை உயிர்களுக்கும் அந்தப் பங்கு குறைகிறது.

கடலில் இதை அளப்பதுதான் சிக்கல். கடல்நீரை இரண்டு வகையாக வடிகட்டுவார்கள். 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டி மேயும் உயிர்களை நிறுத்தி வைரஸை விட்டுவிடும். அதைவிட மிக நுண்ணிய துளைகள் கொண்ட 30 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) சவ்வு வைரஸையும் நிறுத்தும். இவ்விரு நீரிலும் மாதிரியைக் கலந்து 100, 70, 40, 20 சதவீதச் செறிவில் புட்டிகள் தயாராகும். கடலின் வெப்பநிலையிலேயே 24 மணி நேரம் வைத்து, செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றை வழியே ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் எண்ணி, பாசி வளர்ந்த வேகத்தைக் கணக்கிடுவார்கள். முதல் நீரில் கலந்தால் மேய்பவை மட்டும் நீர்த்துப்போகும், இரண்டாவதில் வைரஸும் சேர்ந்து நீர்த்துப்போகும்; பாசி சாவது குறைந்து வேகம் ஏறும். நீர்க்கும்போது வேகம் எவ்வளவு ஏறுகிறது என்பதை இரு தொகுதிகளிலும் ஒப்பிட்டால், வைரஸ் கொன்ற பங்கு கிடைக்கும். கோளாறு கடிகாரத்தில் இருக்கிறது: மறைகாலம் 39 மணி நேரமானால், புட்டிக்குள் தொற்றிய செல் 24 மணி நேரத்தில் வெடிக்காது, கணக்கிலும் வராது. எனவே குளிர்நீரில் வைரஸ் சாவு குறைத்தே பதிவாகும். நீர் சூடேறி மறைகாலம் சுருங்கினால், உண்மையான உயர்வோடு இதுவரை எண்ணத் தவறியதும் சேர்ந்து எண்ணிக்கை எகிறும். இரண்டையும் பிரிக்க, அதே வெப்பநிலையில் மறைகாலத்தையும் ஆய்வகத்தில் தனியே அளந்தாக வேண்டும்.